சட்டப் புத்தகத்தில் இல்லாத கயிறு

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு புதன்கிழமை. என் கயிற்றுக் கடைக்குத் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால் — ஒரே மாதிரி இரண்டு ஒல்லிப் புத்தகங்கள். உலகச் சண்டை முடிந்தும் காகிதத் தட்டுப்பாடு தீரவில்லை அல்லவா? பழுப்புத் தாள், பொடி எழுத்து. முழுக்க இங்கிலீஷ்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். முப்பத்தோராம் பக்கத்தில் 'தூத்துக்குடி' என்று எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது. அடுத்த வரியிலேயே 'கயிறு'! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிள்ளைகளா, அது ஒரு சட்டப் பத்திரிகை. சென்னையில் சட்டம் படிக்கிற மாணவர்களே நடத்துவது. எழுதுவதும் அவர்கள், திருத்துவதும் அவர்கள், அச்சுப் பிழை பார்ப்பதும் அவர்கள்.

சட்டம்தான் ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறதே, புதிதாக எழுத என்ன இருக்கிறது என்கிறீர்களா? எழுதின பையனிடம் நானும் அதையேதான் கேட்டேன். சட்டம் செய்தவர்கள் நினைத்தே பார்க்காத சங்கதிகள் ஊரில் எத்தனையோ நடக்கின்றனவாம். அதில் ஒன்றை எடுத்து, நியாயம் எந்தப் பக்கம் என்று ஆராய்ந்து எழுதுவார்களாம்.

இந்தத் தடவை எடுத்தது எங்கள் சவரிமுத்துவின் சங்கதி.

சவரிமுத்து சங்கு குளிக்கிறவர். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிச் சங்கு எடுப்பார். தோணியில் இருக்கிறவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பார். கீழேயிருந்து ஒரு சுண்டு சுண்டினால் மேலே இழுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால்... சொல்ல வேண்டியதில்லை.

சங்கு குளிப்பை மேற்பார்க்க இந்தப் பருவத்தில் ஒரு புது அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை, ஒழுங்குக்காரர். எல்லோருக்கும் சமமாக வேலை கிடைக்கட்டும் என்று ஒரு பட்டியல் போட்டார். அன்றன்று பட்டியலில் யார் பெயர் வருகிறதோ, அவர்தான் கயிறு பிடிக்க வேண்டும். யார் கயிற்றை யாரும் பிடிக்கலாம்.

"அப்ப நான் இறங்கல" என்று சவரிமுத்து கரைக்குத் திரும்பிவிட்டார். ஒப்பந்தத்தை மீறினார் என்று குற்றம். விசாரணை முடியும்வரை கடலில் இறங்கக் கூடாது. குற்றம் நிரூபணமானால் லைசென்ஸே ரத்து. வேறு தொழில் தெரியாத மனிதர்!

கட்டுரையை எழுதியவன் சுப்பையா. என் சிநேகிதர் மகன், விளாத்திகுளத்துக்காரன். கரிசல் காட்டுப் பிள்ளைக்குக் கடல் என்ன தெரியும்? இந்தக் கதையைச் சொன்னதே நான்தான். கடலில் இறங்கச் சம்மதிப்பவன், கயிறு யார் கையில் என்பதையும் சேர்த்துத்தானே சம்மதிக்கிறான்? சொல்லாமலே அந்த ஒப்பந்தத்துக்குள் அதுவும் அடங்கும் அல்லவா? இதுதான் சுப்பையாவின் வாதம். எந்தத் தீர்ப்பிலும் இது இல்லையாம்.

எழுதும்போது எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தான். 'கயிறு பிடிப்பவர் வழக்கமாக என்ன உறவு?' என்று. வந்த அன்றே பதில் போட்டேன் — 'உடன்பிறந்த அண்ணன் தம்பி.' எங்கள் கடைகளில் அப்படித்தானே? அண்ணன் தராசில் நின்றால் தம்பி கல்லாவில் இருப்பான். கயிறு விற்கிறவனுக்கு இது தெரியாதா என்ற மிதப்பு.

சுப்பையா சொல்லியிருந்தபடி ஒரு புத்தகத்தை அதிகாரியிடம் கொடுத்தேன். மற்றதை எடுத்துக்கொண்டு நேரே சவரிமுத்து வீட்டுக்கு ஓடினேன். தெரிந்தவரை தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். 'அண்ணன் தம்பி' என்ற இடத்தில் அவர் மனைவி ரோசம்மா நிறுத்தினாள்.

"தம்பிக்காரன் கையிலயா? எந்த மடையன் அண்ணாச்சி அப்படி எழுதினது?"

"நான்தான் தங்கச்சி" என்றேன்.

ரோசம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் விடவில்லை. "கூடப் பொறந்தவன் கயித்த விட்டா அவனுக்கு வீட்டுல பங்கு கூடும். எந்தம்பி விட்டா அவன் அக்கா தாலியில்லா போவும்? அதனாலதான பொண்டாட்டி கூடப் பொறந்தவன் பிடிக்கான்!"

அவள் தம்பி அந்தோணிதான் சவரிமுத்துவுக்குக் கயிறு பிடிப்பவன். சிரித்தான். "மச்சான விட்டுட்டு வீட்டுக்கு வர முடியுமா அண்ணாச்சி? அக்கா என்னையே கல்லக் கட்டி எறக்கிருவா."

"ஏலே, அதுக்குத்தான் ஒன்னப் பிடிக்கச் சொல்லுதேன். பாசத்துலன்னா நெனச்ச?" என்றார் சவரிமுத்து.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை விசாரணை. புத்தகமோ அதிகாரி மேசையில். 'வழக்கம் அண்ணன் தம்பி என்று உங்கள் ஆளே எழுதியிருக்கிறான். அந்தோணி உனக்குத் தம்பியா?' என்று கேட்டால்? உதவி செய்யப் போய், அவர் பிழைப்புக்கே உலை வைத்துவிட்டேன்.

சுப்பையாவுக்குத் தந்தி கொடுத்தேன். திட்டுவான் என்று பார்த்தால், சனிக்கிழமை ஆளே ரெயிலில் வந்து இறங்கினான்.

"உங்களத் திட்டி என்ன அண்ணாச்சி? ஒரு கார்டை நம்பி எழுதினது நாந்தான்" என்றான். பத்திரிகைப் பிள்ளைகள் கூடிப் பேசினார்களாம். சரியான விவரத்தை விசாரித்து, அடுத்த இதழின் முதல் பக்கத்தில் 'நாங்கள் எழுதியது தவறு' என்று போடுவதாக முடிவாம். ரோசம்மா முன்னால் உட்கார்ந்து, அவள் சொன்னதை வரிவரியாக எழுதிக்கொண்டான்.

திங்கட்கிழமை. அதிகாரி புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "மாணவர் பத்திரிகை... அதிலும் தப்பு!"

"ஆமா சார், தப்புதான். திருத்தம் இதோ" என்று சுப்பையா கையெழுத்துத் தாளை நீட்டினான்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன். "தப்பான தகவல் கொடுத்தது நான் ஐயா. அந்தப் பிள்ளை இல்லை."

அதிகாரி தாளைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு அந்தோணியைப் பார்த்து, "ஏன்ப்பா, வேறு ஒருவருடைய கயிற்றைக் கொடுத்தால் நீ ஒழுங்காகப் பிடிக்கமாட்டாயா?" என்றார்.

"பிடிப்பேன் ஐயா. நல்லாவே பிடிப்பேன்" என்றான் அந்தோணி. "ஆனா மூக்குல ஈ உக்காந்தா ஒரு கைய எடுத்து ஓட்டுவேன். மச்சான் கீழ இருக்கும்போது ஓட்டமாட்டேன்."

அதிகாரி பேனாவைத் திறந்து உத்தரவு எழுதினார். கயிறு பிடிக்கிறவரைச் சங்கு குளிக்கிறவரே சொல்லலாம். சொல்ல ஆள் இல்லாதவருக்கு மட்டும் பட்டியல். சவரிமுத்துமேல் குற்றம் இல்லை. மறுநாளே அவர் தோணி ஏறினார்.

அந்தக் கட்டுரை ஜெயித்ததா, ஈ ஜெயித்ததா? சுப்பையாவைக் கேட்டேன். "ஈதான் அண்ணாச்சி. ஆனா அந்தக் கேள்விய அந்தோணிகிட்ட கேக்கணும்னு அவருக்குத் தோணவச்சது நாங்க" என்றான். இருக்கலாம்.

இப்போது கடைக்கு வருகிறவர்கள் எதையாவது கேட்டால், "எனக்குத் தெரியாது, விசாரிச்சுச் சொல்லுதேன்" என்கிறேன்... வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை!