கிளாடிஸ் நடக்கிற புல்தரை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் மகளும் சேர்ந்து வலை இழுத்தார்கள். கடலில் இல்லை, வீட்டு முற்றத்துப் புல்லில். பழைய நண்டு வலை அது, ஓரத்தில் ஈயக்குண்டு கோத்தது. ஒரு கோடி ஜேசுபாதம் கையில், மறுகோடி சுஜிதா கையில். தெற்குச் சுவரிலிருந்து வடக்குச் சுவர் வரை புல்லில் படிய விட்டு மெல்ல இழுத்தால், உதிர்ந்து கிடக்கும் நெருஞ்சி முள் கண்ணிகளில் தொற்றிக்கொண்டு வரும்.

“கோடியத் தாழ்த்திப் பிடிளா. வலை அந்தரத்துல போவுது.”

“மீன் மாதிரி முள்ளு என்ன ஓடவா போவுது? அங்கனதான கெடக்கும்.”

“நீ கண்ட. ரெண்டு வருசமா இதுவும் எனக்குப் போக்குக் காட்டிட்டுத்தான் இருக்கு.”

நாலு இழுவை இழுத்தார்கள். ஜேசுபாதம் வலையைத் தூக்கி இரண்டு உதறு உதறித் தெற்குச் சுவர்மேல் காயப்போட்டார். உதறாமல் வலையைக் காயப்போடுகிறவன் அந்தக் கரையில் கிடையாது. சுஜிதாவுக்குக் கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அங்கே ஒரு பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் அவளுக்கு வேலை. கை கழுவிவிட்டுக் கிளம்பினாள். புதன்கிழமை பகலில், சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போன ஜேசுபாதம் குழாயடியிலேயே சரிந்தார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது அறுபத்திரண்டு.

திரேஸ்புரத்தில் அவருக்கு வள்ளத்தில் பங்கு இருந்தது. இருபத்தேழு வருடங்களுக்கு முன்பு ஒருமுறை எஞ்சின் நின்றுபோய், அவரும் இன்னும் இரண்டு பேரும் நான்கு நாள் தண்ணீரோடு போனார்கள். கரையில் எல்லோரும் நம்பிக்கை விட்டாயிற்று. அவர் மனைவி கிளாடிஸ் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி, வயிற்றில் சுஜிதா. பனிமய மாதா கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டு, ‘ஆளைத் திருப்பிக் குடு தாயே, சாவுற மட்டும் காலுல செருப்புப் போட மாட்டேன்’ என்று நேர்ந்துகொண்டாள். ஐந்தாம் நாள் ஒரு சரக்குக் கப்பல் மூன்று பேரையும் கொண்டுவந்து சேர்த்தது. கழற்றிய செருப்பைத் திரும்ப எடுக்க கிளாடிஸ் போகவில்லை.

அதன்பிறகு சந்தை, கல்யாண வீடு, ரயிலடி, சித்திரை மாதத் தார் ரோடு, எங்கும் வெறுங்கால்தான். சுஜிதாவின் கல்லூரிப் பட்டமளிப்புக்கும் அப்படியே வந்தாள். தோழிகள் பார்த்தார்கள். சுஜிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஐம்பது வயதுக்குமேல் கிளாடிஸுக்குச் சர்க்கரை வந்தது. பிறகு பாதம் மரத்தது. “தரை பஞ்சு மாதிரி மெத்துமெத்துன்னு இருக்கு” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். தெருமணலில் ஏறிய ஒரு நெருஞ்சி முள் நாலு நாள் வலது காலில் இருந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை. சுண்டுவிரல் போயிற்று.

ஜேசுபாதம் அந்த மாதமே கடலுக்குப் போவதை நிறுத்தினார். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். தெருவிலோ முள், கண்ணாடிச் சில்லு, சிப்பி ஓடு. வீட்டு முற்றத்தைக் கொத்தி, ஏரல் பக்கத்திலிருந்து வண்டல் அடித்து, உவர்நீர் தாங்கும் அருகம்புல்லாகத் தேடிப் பரப்பினார். இருபத்துநாலடி நீளம், பதினாறடி அகலம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் செபமாலையோடு கிளாடிஸ் அதில் சுற்றி வந்தாள். ஐம்பத்துமூன்று மணி உருட்டி முடிக்க நாற்பது சுற்று.

மூன்றாம் மாதம் புல்லுக்குள் ஒரு மஞ்சள் பூ தெரிந்தது.

நெருஞ்சி தரையோடு படரும். வெயில் ஏறிய பிறகுதான் பூ விரியும். பூத்த சில நாளில் காய் பிடிக்கும். காய் முற்றினால் ஐந்தாக உடையும், ஐந்திலும் முள். எப்படி விழுந்தாலும் ஒரு முனை வானத்தைப் பார்த்து நிற்கும். ஜேசுபாதம் கையால் பிடுங்கினார். தண்ணீர் விட்டு மண்ணை இளக்கி ஆணிவேரோடு எடுத்தார். யாரோ சொன்னார்கள் என்று கடல்தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். புல் கருகியது, நெருஞ்சி கருகவில்லை. மருந்துக் கடை முத்துச்செல்வத்திடம் போய் நின்றார்.

“அண்ணாச்சி, அடிச்சா செடி சாவும். உதிந்த முள்ளு சாவாதுல்லா. அதுக்குள்ளதான விதை இருக்கு. நாலஞ்சு வருசம் மண்ணுக்குள்ள உறங்கும்.”

“அவ காலு அம்புட்டு நாள் தாங்காதே.”

“அப்பம் காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி குனிஞ்சு நிமிருங்க. மருந்தடிச்ச புல்லுல மைனிய வெறுங்காலோட நடக்க விட்டுராதீங்க.”

மருந்து வாங்காமலே வந்தார். சுஜிதா லீவில் வந்தபோது தன் படிப்புக்குத் தக்க ஒரு வேலை செய்தாள். நைலான் நூல் கட்டிப் புல்லை நாலடிக்கு நாலடியாக இருபத்துநாலு கட்டங்களாகப் பிரித்தாள். எந்தக் கட்டத்தில் எத்தனை செடி முளைக்கிறது என்று வாராவாரம் எண்ண வேண்டும்.

“ஏளா, இது புல்லா கேரம் போர்டா?” என்று கேட்டார் ஜேசுபாதம். ஆனாலும் ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை. சனிக்கிழமை தோறும் போனில் சொல்வார்: “மூணாங் கட்டத்துல ஒம்பது. நாலுல பதினொண்ணு. பதினாறுல சைபர். எழுதிக்கிட்டியா இஞ்சினியரம்மா?” அவள் கணினியில் ஏற்றுவாள். பதினான்கு மாதம் ஏற்றினாள். மொத்தம் குறைவதாகவே இல்லை.

வலை இழுப்பது அவராகக் கண்டுபிடித்த வழி. வாராவாரம் இழுப்பார், சுஜிதா இல்லாதபோது ஒற்றை ஆளாக. அதற்குப் பிறகும் நம்பிக்கை இல்லாமல், கிளாடிஸ் இறங்குமுன் முழங்காலிட்டு மொத்தப் புல்லையும் உள்ளங்கையால் அழுத்தித் தடவிக்கொண்டே போவார். நாற்பத்தைந்து நிமிடம் ஆகும். குத்தியதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவரைப் பெட்டியில் வைக்கையில் கைகளைக் கோத்து செபமாலை சுற்றப் போன சுஜிதாவின் சித்தப்பா ரோச், உள்ளங்கையைத் திருப்பி முள் குத்திய தழும்புகளைப் பார்த்துவிட்டு, மாலையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து சுஜிதா ஒரு மாதம் லீவு போட்டாள். முதல் வாரத்துக் கூட்டம் கலைந்ததும் அப்பாவின் வேலையைத் தான் எடுத்துக்கொண்டாள். காலையில் பிடுங்கினாள். சாயங்காலம் தடவினாள். பத்தாம் நாள் கணினியைத் திறந்து பதினான்கு மாத எண்களையும் கட்டம் கட்டமாக வண்ணமடித்துப் பார்த்தாள். ஒன்று முதல் ஆறு வரை சிவப்பாக நின்றது. தெற்குச் சுவரோரக் கட்டங்கள். பக்கத்துக் காலி மனையிலிருந்து காற்று கொண்டுவருகிறது என்று அவளும் அவரும் பேசிக்கொண்டது இதைத்தான். காற்று அந்த மாதங்களில் பாதி நாள் வேறு பக்கமிருந்து வீசியது. அதை அவள் அப்போது பார்க்கவில்லை.

வெளியே வந்து சுவர்மேல் கிடந்த வலையைப் பிடித்துக் குலுக்கினாள். பொலபொலவென்று முள் உதிர்ந்தது. காய்ந்த முள், சுவரோரப் புல்லுக்குள்.

இழுத்துப் பிடித்ததையெல்லாம் அவரே அங்கே விதைத்திருக்கிறார். வாரா வாரம். அவள் பார்த்துக்கொண்டு நின்றபோதும்தான். கடலில் வலையை உதறினால் குப்பை தண்ணீரோடு போய்விடும். இது தரை. எண்கள் எல்லாம் அவளிடம்தான் இருந்தன. வரிசையாகப் பார்த்திருந்தால் ஆறு வாரத்தில் தெரிந்திருக்கும். சோதனைக்கு வரும் பம்பில் இப்படி ஒரு கோளாறைத் தவறவிட்டால் கம்பெனியில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

வலையை எரித்தாள். சுவரோரத்தை ஒரு சாண் ஆழம் வெட்டி மண்ணையே அள்ளி வெளியேற்றினாள். அப்பாடா என்று இருந்தது இரண்டு நாள்.

மூன்றாம் நாள் படுக்கை விரிப்பை உருவும்போது கால்மாட்டில் கறை கண்டாள். தாயின் இடது காலைத் தூக்கிப் பார்த்தாள். பெருவிரலுக்கு அடியில் ஒரு துளை, சுற்றிலும் கறுப்பு. துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் யாரும் புல்லைத் தடவாத அந்த முதல் வாரத்தில் ஏறியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பார்த்தார், பிறகு சுஜிதாவைப் பார்த்தார்.

“மூணு தடவை எழுதிக் குடுத்திருக்கேன். மெத்து வச்ச செருப்பு, வீட்டுக்குள்ளயும் கழட்டக் கூடாதுன்னு. அவர்ட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். வாங்கலையா?”

சுஜிதாவுக்கு அது தெரியாது. நடக்கச் சொன்னார் என்று மட்டும்தான் அப்பா சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை ஆபரேஷன். பெருவிரல் போகும், பாதம் போகுமா என்பதைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

“செருப்புப் போடச் சொன்னாங்களாம்மா?”

“சொன்னாவ.” கிளாடிஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “நேர்ச்சைய நானா எப்படிளா மீறுவேன்? அந்த மனுசனுக்காகப் போட்டது.”

“அப்பாதான் இப்ப இல்லையே.”

“அதனாலதான் பயமா இருக்கு. போன எடத்துல அவருக்கு ஏதாவது ஆயிட்டா?”

சுஜிதாவுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. “கோயில் சாமியார்ட்ட கேட்டா வேற நேர்ச்சையா மாத்திக் குடுப்பாரும்மா. அஞ்சு நிமிச வேலை.”

“உங்கப்பாவும் அதத்தான் சொன்னாரு. கேட்டுட்டு வாரேன்னு வெள்ளச் சட்டையெல்லாம் எடுத்துப் போடுவாரு. வாசல் மட்டும் போவாரு. புல்லுல ஒரு நெருஞ்சி கண்ணுல படும். சட்டையோட குத்தவச்சிருவாரு. அப்புறம் எங்க போறது? ‘என் உசிரக் கேட்டுத்தான நீ போட்ட. நானே போயி அது வேண்டாம்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல’ன்னுதான் சொல்லுவாரு. நான் புடிச்சுத் தள்ளல. எனக்கும் மனசு இல்ல.”

ஆபரேஷனுக்கு மாற்றுச் சேலை எடுக்க சுஜிதா வீட்டுக்கு வந்தாள். ஆதார் அட்டை வேறு கேட்டிருந்தார்கள். சமையலறைக் கதவுக்குப் பின்னால், பங்குக் கோயிலில் கொடுத்த நாட்காட்டியின் ஆணியில் அப்பா முக்கியமான தாள்களைக் கோத்து வைப்பார். அட்டை அங்கே இல்லை. நாட்காட்டியில் பென்சில் எழுத்து இருந்தது.

மாதத் தாள்களை முன்னுக்குப் புரட்டினாள். ஜனவரி, முதல் வெள்ளி: ‘சாமியாரப் பாக்கணும். கிளாடிஸ் செருப்பு.’ அதன்மேல் ஒரு கோடு கிழித்திருந்தது. பிப்ரவரி, முதல் வெள்ளி: அதே எழுத்து, அதே கோடு. மார்ச். ஏப்ரல். மே மாத முதல் வெள்ளியில் அவர் உயிரோடுதான் இருந்தார். அதையும் அடித்திருந்தார்.

ஜூன் முதல் வெள்ளிக்கும் எழுதி வைத்திருந்தார். அதில் கோடு இல்லை. அந்த வெள்ளி போய் எட்டு நாள் ஆகியிருந்தது.