மதில்மேல் வைத்த எருக்கஞ்செடிகள்

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு வருடம் இருக்கும். நாங்கள் அப்போது புதுச்சேரியில், பெரிய மார்க்கெட்டுக்கு நடந்துபோகிற தூரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் மகளுக்கு ஆறு வயது. மாடிப்படியில் உருண்டு விழுந்து, தொடை எலும்பு முறிந்து, இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. கொல்லைப்புற ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டு அவளைப் படுக்க வைத்திருந்தோம்.

பட்டாம்பூச்சி என்றால் அவளுக்கு உயிர். ஓடித் துரத்தத்தான் முடியாது, பார்க்கவாவது வரட்டும் என்று இட்லிப்பூ, சாமந்தி என மார்க்கெட்டில் கிடைத்த செடியையெல்லாம் வாங்கி ஜன்னலுக்கு நேரே நட்டேன். பட்டாம்பூச்சிகள் வரவும் செய்தன. ஆனால் தேனைக் குடித்த கையோடு மதிலைத் தாண்டிப் போய்விடும். அதுங்க ஏன் இங்கேயே இருக்க மாட்டேங்குது என்று கேட்டு அவள் என்னைத் துளைத்தெடுப்பாள். எனக்கு என்ன தெரியும்?

மதிலுக்கு அந்தப் பக்கம் சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சைகோனில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர் அவர். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன்; என் மகள் அத்தை என்பாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மகள் படுத்த நாளிலிருந்து அந்த அக்கா தினமும் மதிலோரம் நின்று அவளோடு பேசிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில்தான் எனக்கு அடுப்படி வேலை நடக்கும்.

ஒரு நாள் காலையில் ஜன்னலைத் திறந்தால், மதில்மேல் வரிசையாகப் பழைய பிஸ்கட் தகரங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எருக்கஞ்செடி. இலைகளில் வரிவரியாகப் புழு வேறு. எல்லாம் எங்கள் ஜன்னலுக்கு நேராக.

எருக்கு என்றாலே எனக்கு ஆகாது. ஆளற்றுப் பாழான வீட்டில் முளைப்பது அது. மண்ணை வாரித் தூற்றுகிறவர்கள்கூட ‘உன் வீட்டுல எருக்கு முளைக்க’ என்றுதான் சபிப்பார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை வாங்குவோமே தவிர, செடியை வாசல்படி ஏற்ற மாட்டோம். அடுத்த வாரம் கட்டுப் பிரிக்க வேண்டும். எலும்பு சரியாகக் கூடியிருக்குமா, பிள்ளை நடப்பாளா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. அந்தப் பயமெல்லாம் சேர்ந்து தலைக்கு ஏறிவிட்டது.

ஸ்டூலைப் போட்டு ஏறி, தகரங்களை ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் இழுத்துத் தள்ளினேன். அரிசி போட வைத்திருந்த உலைத்தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து செடிகள்மேல் கொட்டினேன். சத்தம் கேட்டு அக்கா மதிலோரம் வந்தார். அக்கா என்ற சொல் எனக்கு வாயில் வரவில்லை. அக்கம்பக்கமெல்லாம் கேட்கும்படி கத்தினேன்.

“பெத்திருந்தாத்தானே பிள்ளை அருமை தெரியும்? உன் கண்ணு பட்டுத்தான் என் பொண்ணு இப்படிக் கெடக்குது.”

அவர் வெந்து கிடந்த செடிகளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

திரும்பினால் மகள் தேம்பித் தேம்பி அழுகிறாள். “அது பட்டாம்பூச்சிப் புழும்மா. அத்தை எனக்கோசரம் கொண்டாந்தாங்க. அம்மாகிட்ட சொல்லாத, அம்மாவும் பார்த்து அசந்து போவட்டும்னாங்க.”

பூ வெறும் சாப்பாட்டுக் கடை, முட்டை வைக்கிற செடி இருந்தால்தான் பட்டாம்பூச்சி அங்கேயே சுற்றும் என்று அக்கா அவளுக்குச் சொல்லியிருக்கிறார். வெயிலில் ஊருக்கு வெளியே பிள்ளைச்சாவடிவரை போய், மணல்மேட்டில் புழு உள்ள எருக்கஞ்செடிகளாகப் பார்த்துத் தோண்டி, ரிக்‌ஷாவில் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார். எனக்குத் தலை நிமிரவில்லை. அப்போதே போய்க் காலில் விழுந்திருக்க வேண்டும். போகவில்லை. எருக்கம்பால் குழந்தையின் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயந்ததாக என் கணவரிடம் சொன்னேன். அது பொய்.

ஒரே ஒரு புழு மதிலில் ஒட்டிக்கொண்டு தப்பியிருந்தது. மகள் கெஞ்சியதால் அதை எடுத்து ஜன்னல் கட்டையில் விட்டேன். நன்றாகத் தின்று கொழுத்த புழு போலிருக்கிறது. மறுநாளே தலைகீழாகத் தொங்கி, சின்னப் பச்சை மணி மாதிரி கூடாகிவிட்டது.

கட்டுப் பிரித்தார்கள். எலும்பு கூடியிருந்தது. மகள் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியபோது ஒரு காலையில் அந்தக் கூடு பிளந்து, கறுப்புக் கரை போட்ட ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி ஒன்று வெளியே வந்தது. அத்தையிடம் சொல்ல வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வேறு வழியில்லாமல் அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போனேன்.

கதவைத் திறந்த அக்கா அவளை அப்படியே வாரி அணைத்துக்கொண்டார். நடந்துட்டியா, நடந்துட்டியா என்று கண்ணீர் விட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லைங்க, உள்ள வாங்க” என்றார். அதுவரை என்னை ‘வாடிம்மா’ என்று கூப்பிட்டவர். அவர்கள் பிரான்சுக்குக் கப்பல் ஏறும்வரை என்னிடம் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசினார். அந்த மரியாதையைப் போல் ஓர் அடியை என் வாழ்நாளில் நான் வாங்கியதில்லை.

இன்று என் சொந்த வீட்டுக் கொல்லையில் எருக்கு நிற்கிறது. வருகிறவர்கள், இதையா வீட்டில் வைப்பார்கள் என்று முகம் சுளிப்பார்கள். பட்டாம்பூச்சிக்கு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். ஆனால் ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி அதில் வந்து உட்காரும் போதெல்லாம், பிள்ளை இல்லாத ஒருத்தியைப் பார்த்து நான் சொன்ன சொல் என் காதிலேயே திரும்ப விழுகிறது; இன்றும் கூசிப்போகிறேன்.