வட்டத்தில் முதல் பெயர்

என் கையெழுத்து அழகாக இருந்தது. குடி கெட்டது அதனால்தான்.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் தெரு கூட்டப் போகிறவர்கள். அம்மாவும் சித்தியும் அதில் சேர்த்தி. கையுறை கொடு, வாரத்தில் ஒரு நாள் லீவு கொடு என்று எவளாவது கேட்டால், மறுநாள் அவளுக்கு வேலை இருக்காது. அதனால் இந்தமுறை எல்லோரும் சேர்ந்து மனு கொடுப்பதென்று முடிவானது.

மனு கன்னடத்தில் இருக்கவேண்டும்; சந்தில் அதை எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி, நாலாம் கிளாஸ். எனக்குத் தலைகால் புரியவில்லை! பெயர்களை வரிசையாக எழுதாதே, வட்டமாக எழுது என்றாள் அம்மா. வரிசையாக இருந்தால் முதல் பெயர்க்காரிதான் தூண்டிவிட்டவள் என்று பிடித்துக்கொள்வார்கள். வட்டத்துக்கு ஏது முதல்? இதை எனக்கு யாரும் விளக்கவில்லை. விளக்கியிருந்தாலும் மண்டையில் ஏறியிருக்குமா என்ன! சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு, சுற்றி இருபத்திரண்டு பெயர் எழுதினேன். ஒவ்வொருத்தியாக வந்து கைநாட்டு வைத்தாள்.

மனு போன இரண்டாம் நாள், எல்லோரையும் ஆபீசுக்குத் தனித்தனியாகக் கூப்பிட்டு, யார் ஆரம்பித்தது என்று குடைந்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சித்தியைத்தான் ரொம்ப நேரம் உட்காரவைத்திருந்தார்கள்.

ஸ்கூல் விட்டால் நான் சித்தி வீட்டுக்குத்தான் போவேன். அன்று அவள் வரவில்லையே என்று எங்கள் வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவர்களை வேலை வாங்கும் மேஸ்திரி வந்தார். போனில் மனுவின் போட்டோவைக் காட்டி, சின்னப் பெண்களைக் கன்னடத்தில் கொஞ்சுகிற மாதிரி கூப்பிட்டார்.

"நீதான் எழுதினியா, புட்டி? எவ்ளோ சூப்பரா இருக்கு! எந்தப் பேர்ல ஆரம்பிச்சே?"

மிஸ்கூட என்னை அப்படி மெச்சியதில்லை. விரலை வைத்துக் காட்டினேன். "இது எங்க அம்மா. அவங்கதான் எல்லார் வீட்டுக்கும் போய்க் கூப்பிட்டாங்க."

மறுநாள் அட்டெண்டன்ஸ் மெஷினில் அம்மாவின் பெயர் வரவில்லை. தூக்கிவிட்டார்களாம். மற்ற இருபத்தொரு பேரும் வாயை மூடிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையும் நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல இப்போது எனக்கு மனசு வரவில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

அம்மா பொம்மனஹள்ளியில் ஏதோ அபார்ட்மெண்டில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு பஸ் மாறி வந்து சேர இருட்டிவிடும். அதுவரை வீட்டில் நானும் டிவியும்தான். சித்தி வீட்டுக்குப் போகக்கூடாது என்று கட்டளை. அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தவள்தான் உளறியிருப்பாள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். சத்தியமாய் இல்லைக்கா என்று சித்தி அழுதாள். அம்மா காதிலேயே வாங்கவில்லை. மேஸ்திரி வந்ததைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. கையெழுத்தைப் பாராட்டிவிட்டுப் போனதில் சொல்ல என்ன இருக்கிறது?

ஒருநாள் குழாயடியில் சித்தி என்னைப் பார்த்துவிட்டாள். குடத்தை இறக்கிவைத்து, "சாப்ட்டியாடி?" என்றாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அம்மாவைக் காட்டிக்கொடுத்தவளிடம் நமக்கென்ன பேச்சு என்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.