அவன் பாத்துக்குவான்

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மனிதர் வாயைத் திறந்தால் போதும், "அவன் பாத்துக்குவான்" என்பார். அதைக் கேட்டாலே அவருடைய மச்சினனுக்கு உச்சந்தலை கொதிக்கும். பின்னே? அக்கா புருஷன் என்ற ஒரே காரணத்துக்காக அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவன். மோட்டாரைத் தூக்க ஆள் வேண்டுமா, அவன் பாத்துக்குவான். கட்டிடக்காரர் கத்துகிறாரா, அவன் பாத்துக்குவான். அவருடைய பெண் குழந்தை காய்ச்சலில் போன அன்றும், ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்தபடி மாமா அதையேதான் சொன்னார். அக்காவைத் தாங்கிப் பிடித்ததும் வண்டி பேசியதும் குழி வெட்ட ஆள் தேடியதும் மச்சினன்தான். பெற்றவர் மரம் மாதிரி நின்றாரே என்ற வயிற்றெரிச்சல் அவனுக்கு அன்றிலிருந்து ஆறவே இல்லை. அக்கா முகத்துக்காக ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

அன்று ஒரு பழைய அலுவலகக் கட்டிடத்தில் வேலை. மேல் மாடிக்குக் கொஞ்சம் கீழே லிஃப்ட் நின்றுபோயிருந்தது. மின்சாரத்தை அணைத்துவிட்டு மாமா பெட்டியின் கூரைமேல் இறங்கினார். அவர் வந்த கதவு பின்னாலேயே சாத்திக்கொண்டது. பழுதே அந்தக் கதவுப் பூட்டில்தான். அதன் உள்பாகத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்; அதைத் திரும்ப மாட்டாமல் கதவு உள்ளிருந்து திறக்காது. தலைக்கு மேலே மோட்டார் அறையில் மச்சினன். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை ஒரு சாண் இறக்க வேண்டும். பிரேக் லீவரைத் தூக்கினான். படக்கென்று ஸ்பிரிங் ஒடிந்தது.

பிரேக் பிடிக்கவில்லை. பெட்டியைவிட மறுபக்கம் தொங்கும் எடைக்கட்டி கனம். சக்கரத்தை விட்டால் அது இறங்கும், பெட்டி ஏறும், கூரைமேல் இருக்கிற மாமா கான்கிரீட்டில் நசுங்குவார். மச்சினன் சக்கரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

கம்பிவடம் போகும் ஓட்டை வழியாகக் கத்தினான். "மாமா! பிரேக் போச்சு! வெளிய வாங்க!"

"பூட்டு என் மடியில பல்ல இளிச்சிக்கிட்டுக் கெடக்கு. எங்கடா வர்றது?"

சக்கரம் நழுவியது. கீழே பெட்டி முனகிக்கொண்டு ஏறியது.

"கை வழுக்குது மாமா! என்ன பண்றது?"

கீழேயிருந்து குரல் வந்தது. "அவன் பாத்துக்குவான்."

அவ்வளவுதான், இத்தனை வருஷ மரியாதை காற்றில் பறந்தது. "யோவ்! நான் எத்தனையத்தான்யா பாக்குறது? பொண்ணு போன அன்னைக்கும் என் தலையிலதான கட்டுன? இப்ப உன் உசுரையும் கட்டுறியா?"

"அட மடையா! உன்னை யாருடா சொன்னா? மேல இருக்கறவனச் சொன்னேன்."

"மேல நான்தான்யா இருக்கேன்!"

"அதுக்கும் மேலடா!"

ஓட்டை வழியாக மாமா மூச்சு வாங்குவது கேட்டது.

"புள்ள போனப்ப காலு ரெண்டும் செத்துப்போச்சு மாப்ள. இனி அவன் எரக்கப்பட்டாத்தான் உண்டுன்னு தோணுச்சு. பயம் வந்தா எனக்கு வேற வார்த்தையே வராது. இப்பவும் அதான்." கூரைமேல் அவர் நகரும் சத்தம் கேட்டது. "முடியலன்னா விட்டுடு. சக்கரம் உன் கைய முறிச்சிரும். நான் ஓரமா ஒடுங்கிப் படுத்துக்கறேன்."

அவன் விடவில்லை. தோள்பட்டை பிய்ந்துவிடும் போலிருந்தது. சுவரோரம் ஒரு கடப்பாரை கிடந்தது. காலை நீட்டினான். எட்டவில்லை. செருப்பை உதறிவிட்டு மறுபடி நீட்டினான். கட்டைவிரல் இரும்பைத் தொட்டது, இழுக்கவில்லை. சக்கரம் இன்னும் கொஞ்சம் திரும்பியது. கீழே மாமா ஏதோ முனகினார்.

சாமி கும்பிடாதவன் அவன். "கொஞ்சம் எரக்கம் வையேன்யா" என்று யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்றே தெரியாமல் அழுதான். இடுப்பு முறிய இன்னும் ஒருமுறை காலை எட்டிப் போட்டான். கடப்பாரை உருண்டு வந்தது. காலால் தூக்கி, ஒரு கையால் பற்றி, சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே செருகினான். சக்கரம் ஒரு முறை உதறிவிட்டு நின்றது.

சத்தம் கேட்டு ஓடிவந்த கட்டிடக் காவலாளி கொடுத்த கம்பியால் கதவை நெம்பி மாமாவை வெளியே இழுத்தான். நிமிர்ந்து உட்காரக்கூட இடமில்லாத அளவுக்குப் பெட்டி ஏறியிருந்தது. வராந்தாவில் உட்கார்ந்த மாமாவுக்கு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மச்சினனின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நாக்கு ஒட்டிக்கிச்சு மாப்ள. அவனுக்கு நன்றி சொல்லணும். எனக்குப் பதிலா நீ சொல்லு."

"எனக்கு என்ன மாமா சொல்லத் தெரியும்?"

"என்னைத் திட்டுனியே, அது மாதிரி வாய்க்கு வந்ததச் சொல்லு. யோவ்னு மட்டும் கூப்புடாத."