பெயர் மறைத்த கேள்வி

அறிவியல் டீச்சர் பயப்படுவதற்குக் காரணம் எதுவும் தேவையில்லை. லிஃப்ட் கதவு மூடினால் பயம், மூடாவிட்டால் அதைவிடப் பயம். ஆய்வுக்கூடத்தைப் பூட்டுவதற்கு முன்னால் மேசைகளில் இருக்கும் கேஸ் குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். பூட்டிவிட்டுப் படி இறங்குவார். பாதிப் படியில் சந்தேகம் வரும். மறுபடி ஏறி, திறந்து, தொட்டுப் பார்ப்பார். பிள்ளைகள் அவருக்கு 'கேஸ் டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது தன் காதில் விழவே இல்லை என்று காட்டிக்கொள்வதில் மட்டும் அவர் கெட்டிக்காரர்.

கணவர் பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்க அத்தனை உயிரைச் சுமந்துகொண்டு நெரிசலில் போய் வருகிற மனுஷர், வீட்டுக்கு வந்தால் மனைவியின் பயங்களைக் கேட்டுச் சிரிப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. "இன்னிக்கு எது உன்னைப் பயமுறுத்துச்சு, சொல்லு" என்றுதான் செருப்பைக் கழற்றுவார்.

பள்ளிக்கு டேப்லெட்டுகள் வந்து இறங்கிய வருஷம் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். பெற்றோர் சங்கத் தலைவர் ஏழாம் வகுப்பு முழுமைக்கும் வாங்கிக் கொடுத்திருந்தார். ஏழாம் வகுப்பு லீடரின் அப்பா அவர். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள், அவர் நீளமாகப் பேசினார். அடுத்த வாரமே ஆசிரியர்களுக்குப் பயிற்சி. கம்ப்யூட்டர் சார் சின்ன வயசுக்காரர். எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லமாட்டார். "சந்தேகம் இருந்தா டைப் பண்ணுங்க" என்றார். டீச்சர் பயந்து பயந்து, "இதை அணைத்தால் பிள்ளைகள் வீட்டில் இருப்பதும் அணைந்துவிடுமா?" என்று அடித்தார். அடுத்த நொடி அது பெரிய எழுத்தில், அவர் பெயரோடு, எதிர்ச் சுவரில் தெரிந்தது. கூடம் மொத்தமும் சிரித்தது. கணக்கு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஒரு வாரம் வரைக்கும் நம் டீச்சர் ஆசிரியர் அறைப் பக்கமே போகவில்லை. ஆய்வுக்கூடத்திலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் அதை ஏறக்கட்டிவிடவில்லை. பயந்த சுபாவக்காரர்களிடம் ஒரு பிடிவாதம் உண்டு, யாரும் கவனிப்பதில்லை. சாயங்காலம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, கணவரை மாணவனாக உட்காரவைத்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அப்படித்தான் கேள்விப் பெட்டி கிடைத்தது. பிள்ளைகள் டேப்லெட்டில் கேள்வியை அடித்து அனுப்பினால் டீச்சரின் திரையில் சீட்டுச் சீட்டாக வந்து நிற்கும். மூலையில் 'பெயர் மறை' என்று ஒரு பொத்தான். அதை அமுக்கிவிட்டால் யார் கேட்டது என்று டீச்சருக்கே தெரியாது. கணவர் சோதனைக்காக "சாப்பாடு எப்போ?" என்று அனுப்பினார். பெயரில்லாமல் வந்து நின்றது.

"இதுதாங்க வேணும் எனக்கு. என்னை மாதிரி ஒரு பிள்ளை இருந்தா அது சிரிப்பாணியாகாம கேக்கலாமில்ல?" என்றார் டீச்சர். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

பெட்டி நன்றாகவே வேலை செய்தது. வாயே திறக்காத பிள்ளைகளெல்லாம் கேட்டன. தைரியம் கூடி டீச்சர் அடுத்ததற்கும் போனார். தேர்வு மதிப்பெண்ணைப் பெற்றோரின் கைபேசிக்கே அனுப்பும் வசதி அது. ஒரு காலையில், கம்ப்யூட்டர் சார் பக்கத்தில் நிற்க, முதல் தடவையாகத் தானே பொத்தானை அமுக்கினார்.

"அவ்வளவுதான் மேடம். இந்நேரம் எல்லா வீட்டுக்கும் போயிருக்கும். நீங்க பாஸ்!"

டீச்சருக்குக் கன்னமெல்லாம் சூடாகிவிட்டது.

அன்றைக்கு மதியம் ஏழாம் வகுப்புக்கு இலைகள் உணவு தயாரிக்கும் பாடம். நடத்தி முடித்துப் பெட்டியைத் திறந்தார். சீட்டுகள் வந்தன. 'ராத்திரியில இலைக்குப் பசிக்காதா?' நல்ல கேள்வி, பதில் சொன்னார். 'நீங்க ஏன் கேஸ் குழாயைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க?' வகுப்பு கொல்லென்று சிரித்தது, அவரும் சிரித்தார். அடுத்த சீட்டைச் சத்தமாகப் படிக்க வாயைத் திறந்தவர், திறந்தபடியே நின்றார்.

'வீட்டுக்குப் போக பயமா இருக்கு. இன்னிக்கு மட்டுமாவது போகாம இருக்க வழி இருக்கா?'

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். வகுப்பு முழுக்கக் குனிந்த தலைகள். கையெழுத்தாக இருந்தால் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். சாய்த்து எழுதுவது யார், அழுத்தி எழுதித் தாளைக் கிழிப்பது யார் என்று அத்தனையும் அத்துப்படி. இதுவோ எல்லோருக்கும் ஒரே மாதிரி வருகிற எழுத்து. அடுத்த கேள்விக்குப் போனார். என்ன பதில் சொன்னார் என்று அவருக்கே ஞாபகமில்லை.

அந்த வரி அவருக்குப் புதிதும் இல்லை. தெருமுனையில் அப்பாவின் ஸ்கூட்டர் திரும்புகிற சத்தம் கேட்டதும் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்ட பிள்ளை அவர். அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. பயம் மட்டும் போக இடமில்லாமல் லிஃப்டிலும் கேஸ் குழாயிலும் போய் ஒட்டிக்கொண்டது. அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. அந்த வயதில் அவர் யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பிள்ளை சொல்லிவிட்டது, சொன்னது யார் என்றுதான் தெரியவில்லை.

பாடவேளை முடிந்ததும் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினார்.

"பேரை மறைச்சிட்டா எப்படியாவது கண்டுபிடிக்க முடியுமா சார்?"

"முடியாது மேடம். மறைச்சா மறைச்சதுதான். அதுக்குத்தானே அந்த பட்டன்?"

"கம்பெனிக்காரங்களால?"

"அவங்களாலயும் முடியாது. யாராலயும் முடியாது." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் மேடம், உங்களை யாராவது திட்டி எழுதிட்டாங்களா?" என்றார்.

டீச்சர் தலைமையாசிரியையின் அறைக்கு நடந்தார். தன் கையாலேயே அமுக்கிய பொத்தான். பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துத்தான் அமுக்கினார். இப்போது அந்தப் பிள்ளையின் கையைப் பிடிக்க விடாமல் அதுவே குறுக்கே நிற்கிறது.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. டீச்சர் காட்டிய சீட்டைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், நெற்றியைத் தேய்த்தார். "யாராவது விளையாடியிருப்பாங்க" என்று ஆரம்பித்து, அதைத் தானே நம்பாமல் பாதியில் விட்டார். "எதுக்கு டீச்சர் நம்ம தலையில போட்டுக்கணும்? பெற்றோர் குழுவுல ஒரு மெசேஜ் போட்டுடலாம். பிள்ளைங்ககிட்ட அன்பா இருங்க, உங்க பிள்ளைகிட்ட விசாரிங்கன்னு. சங்கத் தலைவர்கிட்ட சொன்னா அவரே அழகா எழுதிப் போட்டுடுவார்."

"வேண்டாம் மேடம்."

சொன்னது யார் என்று டீச்சரே ஒரு நொடி திரும்பிப் பார்த்திருப்பார். இந்த அறையில் 'சரிங்க மேடம்' தவிர அவர் வாயிலிருந்து வேறு எதுவும் வந்ததில்லை.

"எல்லா வீட்டுக்கும் போனா அந்த வீட்டுக்கும் போகும் மேடம். யார் சொன்னாங்கன்னு அங்க தெரிஞ்சா, இன்னிக்கு சாயங்காலம் அந்தப் பிள்ளை கதி என்ன?"

தலைமையாசிரியை கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஸ்கூலைப் பூட்டறதுக்குள்ள அந்தப் பிள்ளை யாருன்னு தெரியணும். இல்லைன்னா நான் போட்டுத்தான் ஆகணும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்மளைத்தான் கேப்பாங்க." அவர் குரலிலும் பயம்தான் இருந்தது.

கடைசிப் பாடவேளை ஏழாம் வகுப்புக்கு ஓவியம். கொஞ்ச நேரம் மட்டும் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு டீச்சர் உள்ளே போனார். டேப்லெட்டுகளைத் திறக்கச் சொன்னார். யார் முகத்தையும் கூர்ந்து பார்க்கத் துணிவில்லை. பார்த்தால் அந்தப் பிள்ளை ஓடிவிடும் என்று தோன்றியது. பெட்டியில் எல்லோருக்குமாக எழுதினார்: 'இன்று வந்த கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. பதில் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. பெல் அடித்த பிறகு அங்கேதான் இருப்பேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.'

"என்ன கேள்வி டீச்சர் அது?" முதல் வரிசையிலிருந்து குரல் வந்தது. 'ரேடியோ' என்று பெயர் எடுத்தவள். தூங்கும்போது மட்டும்தான் நிறுத்துவாள் போலிருக்கிறது.

"பாடத்துல இருக்கறதுதான்மா."

அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. பெல் அடித்தது.

ஆய்வுக்கூடத்தில் ஜன்னல் ஓரமாக ஈரப் பஞ்சில் முளைவிட்ட அவரைகள் வரிசையாக இருந்தன. டீச்சர் கதவை அகலத் திறந்து வைத்தார். கீழே பிள்ளைகள் சத்தம் பெருகி, வாசலைக் கடந்து, குறைய ஆரம்பித்தது. ஒவ்வொரு குரல் குறையும்போதும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வெளியே போன குரல் அந்தப் பிள்ளையினுடையதாக இருந்தால்? எழுதியதைக் கவனித்துவிட்டார்கள் என்று பயந்து இன்னும் வேகமாக ஓடியிருந்தால்? கேஸ் குழாய்களைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி தொட்டார்.

காலடிச் சத்தம். டீச்சர் திரும்பினார். ரேடியோ.

"நீயாம்மா?"

"நான் எதுவும் எழுதல டீச்சர். என்ன கேள்வின்னு தெரிஞ்சுக்கலாம்னுதான் வந்தேன். தெரியாம வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு இறங்காது."

டீச்சருக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ரேடியோ அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்து, "கீழ தண்ணிக் குழாய்கிட்ட லீடர் ரொம்ப நேரமா நிக்கறா டீச்சர். என்னைப் பாத்ததும் பாட்டில்ல தண்ணி பிடிக்கற மாதிரி பண்ணா. பாட்டில் ஏற்கெனவே நிறைஞ்சிருக்கு. நான் போனாத்தான் மேல வருவா போல" என்றாள்.

லீடர். இஸ்திரி கலையாத சட்டை, கேட்டால் மட்டும் பதில், ஒரு நாளும் தாமதமில்லை. டேப்லெட் வாங்கிக் கொடுத்தவரின் மகள்.

"நான் போறேன் டீச்சர்" என்றாள் ரேடியோ. வாசல்வரை போய்த் திரும்பினாள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

லீடர் மேலே வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கதவுக்கு வெளியிலேயே நின்றாள். பை தோளைவிட்டு இறங்கவில்லை.

"தண்ணி ஊத்தணும்னு சொன்னீங்க."

"ஆமாம்மா. உள்ள வா."

குவளையை வாங்கினாள். ஒரு பஞ்சிலேயே ஊற்றிக்கொண்டு நின்றாள். தண்ணீர் வழிந்து மேசையில் ஓடியது. டீச்சர் தடுக்கவில்லை.

"அப்பா போனுக்கு மார்க் போயிடுச்சு டீச்சர். போன தடவையைவிட ரெண்டு மார்க் கம்மி."

டீச்சருக்குக் காலையில் சூடான கன்னம் ஞாபகம் வந்தது.

"டீச்சர், அந்த டேப்லெட் அப்பா வாங்கிக் குடுத்தது." குவளையைக் கீழே வைத்தாள். "அதுல நான் எழுதினதும் அவருக்குப் போகுமா?"

"போகாதும்மா."

"உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"எழுதினது நீன்னு எனக்கே தெரியலையேம்மா, நீ இங்க வந்து நிக்கற வரைக்கும். மத்தியானத்துலேர்ந்து தேடிட்டிருக்கேன்."

லீடர் அவரையே பார்த்தாள். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள்.

அப்போது டீச்சரின் கைபேசி அடித்தது. திரையில் சங்கத் தலைவரின் பெயர். பிள்ளையும் பார்த்துவிட்டாள், அவள் கை பையை நோக்கிப் போனது. டீச்சர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். குளியலறைத் தாழ்ப்பாளின் குளிர்ச்சி விரலில் உறைத்தது. எடுத்தார்.

"ஆமா சார், என்கூடத்தான் இருக்கா."

மறுமுனையில் அமைதியான, மரியாதையான குரல். எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டது.

"இப்ப அனுப்பல சார்." குரல் நடுங்குவதை அவரால் மறைக்க முடியவில்லை. "மேடம் உங்ககிட்ட பேசுவாங்க."

வைத்துவிட்டு, பிள்ளையின் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலைமையாசிரியையின் எண்ணைத் தேடினார். இரண்டு தடவை தப்பாக அமுக்கினார்.