தாளிக்காத பருப்பு

ஒன்பது வயதில் எனக்கு இருந்த சந்தேக புத்தி அதற்குப் பிறகு எந்த வயதிலும் இருந்ததில்லை. அந்த வருடம் முழுக்க நான் சந்தேகப்பட்டது புதிதாக வந்த சித்தியை. ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் சித்தப்பா, சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வேட்டி எடுக்கப் போய், துணிக்கடையில் வேலையிலிருந்த ஆத்தூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றார். பத்தாம் நாளே வண்டி ஆந்திராவுக்குக் கிளம்பிவிட்டது. அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். ஆக, திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டில் மிஞ்சியது அப்பா, நான், சித்தி. எங்கள் மூவரையும் மேய்க்க, அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை.

சித்தி தன் பெட்டியைப் பூட்டி வைத்தாள். செல்போனில் சன்னமாகப் பேசினாள். யார் என்ன சொன்னாலும் சிரித்தாள்.

“சிரிச்சுக்கிட்டே இருக்கறவள நம்பாத சாமி. ஊட்டை ரெண்டாக்கத்தான் வந்திருக்கறா” என்றாள் அத்தை.

எனக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. ஒருநாள் பெட்டியின் பூட்டுத் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே இருட்டாக இருந்தது. ஒன்றும் தெரியவில்லை என்பதே எனக்குப் பெரிய சந்தேகமாகப் போயிற்று.

மாரியம்மன் நோன்பு வந்தது. எங்கள் ஊரில் கோயில் முன் கம்பம் நட்டுவிட்டால், அதைப் பிடுங்கும்வரை எந்த வீட்டிலும் தாளிக்கக் கூடாது. எண்ணெயில் கடுகு பொரியும் வாசம் அம்மனுக்கு ஆகாது. சித்தியின் ஊரில் இந்த வழக்கம் கிடையாது. அவளிடம் யாரும் சொல்லவுமில்லை. கம்பம் நட்ட நாளிலிருந்து எட்டு நாளும் சோறு, குழம்பு எல்லாம் அத்தை வீட்டிலிருந்தே வந்தன. அத்தைக்கு எங்கள் மேல் அவ்வளவு பாசம் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் பங்காளி வீட்டுப் பெண்கள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். மறுநாள் அவர்களோடு சேர்ந்து மாவிளக்கு எடுக்கிறவள்தான் அந்த வீட்டு மருமகள். நோன்பில் தாளித்துவிட்டாள் என்று எடுக்க விடாமல் நிறுத்திவிட்டால் அப்புறம் அவள் எத்தனை வருடம் இருந்தாலும் விருந்தாளிதான்.

அன்று காலை அத்தை என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“உன்ற சித்திகிட்டப் போயி, பருப்பைக் கடுகு போட்டு நல்லாத் தாளிச்சு வெக்கோணுமாம்னு சொல்லு. யாரு சொன்னாங்கன்னு சொல்லாத கண்ணு. எத்தனை பவுசா இருக்கறான்னு பாக்கலாம்.”

எனக்கு வழக்கம் தெரியும். தெரிந்தேதான் ஓடினேன். பெரிய மனுஷி வேலை ஒன்றை நம்பி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்ற பெருமை வேறு.

சொன்னதும் சித்தி தலையாட்டினாள். அடுப்பைப் பற்றவைத்தாள். கரண்டியில் எண்ணெய் ஊற்றினாள். கடுகு டப்பாவைத் திறந்து இரண்டு விரலால் அள்ளினாள். அப்போது அவள் கை நின்றது.

“எட்டு நாளா இந்தத் தெருவுல ஒரு வீட்டுலயும் கடுகு வெடிக்கிற சத்தமே கேக்கலையே, ஏம்மா?”

நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சித்தி என்னையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு கடுகைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள்.

மத்தியானம் அத்தை ஆறேழு பெண்களோடு வந்தாள். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள். வாசம் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது. இலையில் எல்லோரும் உட்கார்ந்ததும் ஊருக்கே கேட்கும்படி, “ஏம்புள்ள, பருப்பைத் தாளிச்சிட்டயா?” என்றாள்.

“இல்லீங்க அண்ணி. கம்பம் நட்டுட்டா தாளிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. நீங்க சொல்லலைன்னா தெரியாம பண்ணியிருப்பேன்” என்றாள் சித்தி, அதே சிரிப்போடு.

பங்காளி வீட்டுப் பெரியம்மா ஒருத்தி அத்தையின் பக்கம் திரும்பினாள். “பரவால்லீங்க. வந்த புள்ளைய நல்லாத்தான் பழக்கி வெச்சிருக்கறீங்க.”

“ஆமாங்க, சொல்லித்தானுங்க வெச்சேன்” என்று அத்தை முனகிவிட்டு, பருப்பை ஊற்றச் சொல்லி இலையைக் காட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சைப் பொய்! அத்தை சொல்லவேயில்லை என்பது எனக்கல்லவா தெரியும். இத்தனை நாள் தேடிய சாட்சி கையில் கிடைத்துவிட்டது. சாயங்காலமே அப்பாவிடம் போனேன்.

“சித்தி பொய் சொல்றாங்கப்பா.”

“என்ன பொய் சாமி?”

சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் தாளிக்கச் சொல்லிப் போனது யார் என்பதையும் சொல்ல வேண்டும். “ஒண்ணுமில்லீங்கப்பா” என்று வந்துவிட்டேன்.

மறுநாள் மாவிளக்குத் தட்டைச் சித்தி தலையில் வைத்தது அத்தைதான். “முந்தானைய இழுத்துச் சொருவு புள்ள, நெருப்புப் பட்டுரும்” என்று அதட்டியதும் அவள்தான். பெரியவர்களை நம்பவே கூடாது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

சித்தியைப் பொய்க்காரி என்று நினைத்தபடியே பல வருடம் திரிந்தேன். பிறகுதான் எனக்கு உறைத்தது: அந்தப் பந்தியில் அவள் உண்மையைச் சொல்லியிருந்தால், “தாளிக்கச் சொன்னது யாரு?” என்று ஒரு கேள்வி வந்திருக்கும். அத்தை கையை விரித்திருப்பாள். அத்தனை கண்ணும் என் பக்கம் திரும்பியிருக்கும். பரிமாறி முடிக்கும்வரை சித்தி என் பக்கம் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. என்னைப் பிடிக்காததால்தான் பார்க்கவில்லை என்று நினைத்து, அன்று நான் பாதிச் சோற்றோடு எழுந்துகொண்டேன்.