பிரேக் லைட்டுக்கு ஒரு லைன் கிளியர்

என் மனைவியின் தம்பி மந்தாரக்குப்பத்தில் ஒரு பழைய டிராக்டரும் டிரெய்லரும் வைத்திருக்கிறான். நாங்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பில் வெட்டிப் போடும் மரக்கிளைகளை அள்ளும் கான்ட்ராக்ட் அவனுக்கு வந்தது. காலை பத்து மணிக்குள் கேட்டில் வண்டியைக் காட்ட வேண்டும். விளக்குகள் எரிந்தால் வேலைக்கான பாஸ் கிடைக்கும். இல்லையென்றால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்கு.

எட்டு மணிக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றான். முந்தின நாள் டிரெய்லருக்குப் பச்சை பெயின்ட் அடித்திருக்கிறான்; அதிலிருந்து பின்விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. பிரேக்கை மிதிக்க ஒருவர், பின்னால் நின்று பார்க்க ஒருவர் வேண்டும். பார்ப்பதற்கு நான். பத்திரிகை வேலையில் அதைத்தான் செய்தேன்.

எங்கள் பிளாக்கில் ஒரு வயரைத் தனியாகப் பார்த்துவிட முடியாது. எதிர்வீட்டிலிருந்து ரிட்டயர்டு எலெக்ட்ரிகல் ஃபோர்மன் வந்தார். பக்கத்து வீட்டு டெக்னீஷியன் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், வீட்டுக்குள் போகாமல் நின்றுவிட்டார்.

"சப்ளை இருக்கும்போது வயர்ல கை வைக்கக் கூடாது தம்பி. மொதல்ல ஐசோலேட் பண்ணு" என்றார் ஃபோர்மன்.

"பன்னெண்டு வோல்ட்தானுங்களே சார்."

"போன கை திரும்ப வருமா?"

பேட்டரி வயர் கழற்றப்பட்டது. 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்று அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் மாட்டினார்கள். பிறகு சோதனை தொடங்கியது. மைத்துனன் மிதித்தான், எரியவில்லை என்றேன். டெக்னீஷியன் பல்பின் மேல் சந்தேகப்பட்டார். கடைக்குப் போய்ப் புதியது வாங்கி வந்தேன். அதுவும் எரியவில்லை.

"இப்பல்லாம் பல்பே சரியா வர்றதில்ல" என்றார் ஃபோர்மன்.

கழற்றிய பேட்டரி வயர் தொங்கிக்கொண்டிருந்ததை நான் முதலிலிருந்தே பார்த்தேன். அதுதான் முறை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மணி ஒன்பதேகால் ஆனதும் மைத்துனன் இறங்கி வந்தான். "அரை மணி நேரமா மிதிச்சிகினு இருக்கேன். கரன்டே இல்லாம எப்படி சார் எரியும்?"

ஃபோர்மன் தொங்கிய வயரை எட்டிப் பார்த்தார்.

"மாட்டலாம். ஆனா கரன்ட் விடலாம்னு லைன் கிளியர் யாரு குடுக்கிறது?" என்றார் ஃபோர்மன். அவர் ரிட்டயர்டு. டெக்னீஷியனின் டியூட்டி நைட் ஷிஃப்ட்டோடு முடிந்துவிட்டது. மீதி இருந்தவன் நான். கொடுத்தேன்.

மைத்துனன் பேட்டரியை மாட்டிவிட்டு, டூல்ஸ் பெட்டியிலிருந்து ஒரு ஹோல்டரை எடுத்தான். பழைய இண்டிகேட்டர் பல்பு, இரண்டு வயர், ஒரு கிளிப், அவனே செய்தது. கிளிப்பை டிராக்டர் பாடியில் கடித்துவிட்டு, அடுத்த முனையை டிரெய்லரின் பிரேக் வயரில் வைத்தான். நான் ஏறி பிரேக்கை மிதித்தேன். பல்பு எரிந்தது. கரன்ட் வருகிறது. கிளிப்பை டிரெய்லரின் எர்த் போல்ட்டுக்கு மாற்றினான். எரியவில்லை. போல்ட்டின் மேல் பச்சை பெயின்ட்; கரன்ட் திரும்பிப் போக வழியில்லை. கழற்றிச் சுரண்டி முறுக்கினான். பின்விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"எர்த்துன்னு நான் அப்பவே நெனைச்சேன்" என்றார் டெக்னீஷியன்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஹெல்மெட் போட்ட அதிகாரி முதலில் கையை நீட்டினார்.

"சாவியக் குடு. பின்னால ஆள் நிக்கும்போது வண்டியில சாவி இருக்கக் கூடாது."

சாவியோடு பின்னால் போனார். "மிதி."

மைத்துனன் மிதித்தான்.

"எரியலையேப்பா."

"சாவி உங்க கையில இருக்குதுங்க சார்."

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு கேட் கடிகாரத்தைப் பார்த்தார். மைத்துனன் இறங்கவில்லை, என் பக்கம் குனிந்து, "மாமா, சாருக்கும் ஒரு லைன் கிளியர் குடுத்துடுங்க" என்றான்.

சாவி திரும்பி வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. பத்து அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் பாஸில் கையெழுத்து விழுந்தது.